வெந்நீர் விற்ற மச்சானுக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் வீட்டுக்காரம்மாவின் முழங்கால் வலி தேவலையாகி, அவர் மாடிப்படி ஏறி உங்களைத் திட்டும் அளவுக்குத் தெம்பாக இருப்பார் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதியது கடித வழக்கத்துக்காக. நடப்பு வேறு. கடிதம் முழுக்க ‘நீங்கள்’ என்றே எழுத உத்தேசம். உங்கள் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து அப்படித்தானே கூப்பிடுகிறேன். நடுவில் எங்காவது ‘நீ’ என்று வந்துவிட்டால், விடுதியில் ஒரே அறையில் கிடந்த பழக்கம் என்று பொறுத்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அருமை மருமகள், அதாவது என் மகள், வேலையை விடப்போகிறாள். பாலங்களுக்கு வரைபடம் போடும் வேலை, ஜன்னலோர மேஜை, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கே வந்துவிடுவாள். உங்கள் தங்கை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்துக்கொண்டிருப்பதால், நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் அவளும்தான். இப்படிப்பட்ட சொர்க்கத்தை விட்டுவிட்டு அவளுக்கு எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் படிக்க வேண்டுமாம். “நான் வரையிற பாலம் பாதி வரைபடத்தோடயே நின்னு போகுதுப்பா. எதைக் கட்டலாம், எதை வேண்டாம்னு முடிவு பண்றவங்க என்ன பார்க்குறாங்கன்னு எனக்குத் தெரியணும்” என்கிறாள். இடமும் கிடைத்துவிட்டது. எங்கே தெரியுமா, நாம் படித்த அதே செங்கல் கட்டிடத்தில். வருகிறேன் என்று மாதக் கடைசிக்குள் உறுதி சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள். மாமா சொன்னால் கேட்பாள். ஆகவே நீங்கள் அவளைக் கூப்பிட்டு, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதை ஃபோனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு ஊருக்கே கேட்கப் பேசுகிற ஆள். இங்கேயோ உங்கள் தங்கையின் காதுக்கு எட்டாத மூலையே கிடையாது. அதனால்தான் கடிதம்.

அந்தக் கல்லூரி ஒரு மனிதனை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். முதல் வகுப்பை நினைத்துப் பாருங்கள். படிப்படியாக இறங்கும் அரைவட்ட அறை, ஒவ்வொருவர் முன்னாலும் பெயர் எழுதி மடித்து வைத்த அட்டை, கீழே நின்றுகொண்டு இன்றைக்கு யார் தலையில் கை வைக்கலாம் என்று அட்டைகளைப் படித்துக்கொண்டிருந்த பேராசிரியர். நாளைக்கு வரப்போவது இன்று கையில் இருப்பதைவிட மட்டம்தான், எவ்வளவு மட்டம் என்று சொல்லும் எண்தான் தள்ளுபடி வீதம், அது பிடிபட்டால் பாதி ஃபைனான்ஸ் பிடிபட்ட மாதிரி என்று இரண்டு வருஷமும் ஒரே பாட்டைப் பாடியதால் அவருக்கு நாம் வைத்த பெயரே தள்ளுபடி. வகுப்பில் வாயைத் திறந்தால்தான் மதிப்பெண் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் கையைத் தூக்கிவிட்டீர்கள். தூக்கிய பிறகுதான் யோசிக்கவே ஆரம்பித்தீர்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பியதும், “எனக்கு முன்னாடி பேசினவர் சொன்னதை நான் ஒத்துக்கிறேன் சார்” என்றீர்கள். உங்களுக்கு முன்னாடி யாருமே பேசவில்லை. அன்றைக்கு அந்த அறை சிரித்த சிரிப்பு எத்தனை வருஷம் கழித்தும், எந்த ஆபீஸ் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் என் காதில் கேட்கும். எவ்வளவு மோசமான செய்திக்கும் புன்னகை மாறாத மனிதர் என்று எனக்கு ஆபீஸில் பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் நீ.

அப்புறம் அந்த வெந்நீர் வியாபாரம். விடுதியில் பாய்லர் ஒன்று, குளியலறை ஒன்று, நாமோ ஒரு பட்டாளம். அதனால் வார்டன் ஆளுக்கு இத்தனை முறை என்று பங்கு போட்டுச் சுவரில் ஒட்டினார். ஃபைனான்ஸ் படிக்கும் கூட்டத்தின் கண்ணில் இப்படி ஒன்று பட்டால் சும்மா விடுமா. மறுநாளே வெந்நீர் முறைக்குச் சந்தை உருவாகிவிட்டது. மாலைத் தேநீரோடு வரும் பிஸ்கட்தான் நாணயம். அந்த வாரம்தான் நீங்கள், கையில் இல்லாததை முதலில் விற்றுவிட்டு, விலை இறங்கியதும் வாங்கிக் கொடுத்து லாபம் பார்க்கும் வித்தையை வகுப்பில் கற்றுக்கொண்டு வந்திருந்தீர்கள். வெயில் வரப்போகிறது, வெந்நீரை எவனும் சீண்டமாட்டான், அப்போது அள்ளிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, உங்களிடம் இல்லவே இல்லாத முறைகளை மாடி மாடியாக ஏறி விற்றுவிட்டு வந்து, சம்பாதித்த பிஸ்கட்டைக் கட்டிலில் படுத்தபடி கொறித்தீர்கள். வெயில் வரவில்லை. வந்தது குளிர். அதுவும் போதாதென்று பாய்லர் பாதி வேலைநிறுத்தம் செய்தது. விலை எகிறிவிட்டது, விற்பவன் ஒருவன்கூட இல்லை. உங்களிடம் வாங்கியவர்கள் எல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நம் அறை வாசலில் வந்து நின்றார்கள். தின்ற பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. “டேய், என் மானத்தைக் காப்பாத்துடா” என்று நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. என் வாரத்து வெந்நீர் முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். காய்ச்சலில் விழுந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அதே ஊரில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த உங்கள் தங்கை அண்ணனைப் பார்க்க வந்தாள். என் போர்வைக்கு மேல் உங்கள் போர்வை, அதற்கு மேல் உங்கள் கோட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் வெந்நீர்க் கதையைச் சொல்லி முடித்ததும் அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, “ஏண்ணா, இவரையும் வித்துட்டியா?” என்று கேட்டாள். காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நாள் தூக்குப் பாத்திரத்தில் சூடாக சூப் வந்தது. அதற்கும் அடுத்த நாளும் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் நான் கொஞ்ச நாள் இருமிக்கொண்டே இருந்தேன். இதை எழுதும்போது பின்னாலிருந்து, “அண்ணனுக்கா? இருமினதையும் எழுதுங்க” என்று குரல் வருகிறது. எழுதிவிட்டேன்.

குடைக் கம்பெனியை விட்டுவிட முடியுமா. தள்ளுபடி கொடுத்த பயிற்சி அது, ஒரு குடைக் கம்பெனியை என்ன விலைக்கு வாங்கலாம் என்று மதிப்பிட வேண்டும். கடன் கிடையாது, லாபம் ஏறிக்கொண்டே போகிறது, மழையும் நிற்கப்போவதில்லை. கம்ப்யூட்டர் அறையில் நீங்கள் தட்ட, நான் பக்கத்தில் நின்று சொன்னேன். இல்லை, நான்தான் தட்டினேன் என்பது இன்றுவரை உங்கள் கட்சி. எப்படியோ, விடை கழித்தல் குறியோடு வந்தது. அதாவது அந்த நல்ல கம்பெனியின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே. சாதாரண மனிதன் என்றால் எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று திரும்பிப் பார்ப்பான். நாம் ஃபைனான்ஸ் மாணவர்கள். விடை சரி, உலகம்தான் தப்பு என்று முடிவு கட்டினோம். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இந்தக் கம்பெனிக்குள் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது, முதலாளியே நம் கையில் பணத்தைக் கொடுத்து இதை எடுத்துக்கொண்டு போகச் சொல்ல வேண்டும் என்று வகுப்பு நடுவே நின்று முழங்கினோம். தள்ளுபடி கன்னத்தில் கை வைத்து ரசித்துக் கேட்டார். முடிந்ததும், “வளர்ச்சி எவ்வளவு போட்டீங்க?” என்றார். சொன்னோம். “தள்ளுபடி வீதம்?” அதையும் சொன்னோம். அப்போதுதான் உறைத்தது. வளர்ச்சி தள்ளுபடி வீதத்தைவிடப் பெரிதாக இருந்தது. காலம் உள்ளவரை அந்த வேகத்தில் வளரும் என்று போட்டால் சூத்திரம் தலைகீழாகிக் கழித்தல் குறியைத்தான் துப்பும். “குடை மேல இவ்வளவு நம்பிக்கை வச்சவங்கள நான் பார்த்ததே இல்லப்பா. இது கணக்கு இல்ல, பாசம். பாசத்துக்கு இந்தப் பாடத்துல மார்க் கிடையாது” என்றார். அதற்கப்புறம் நாம் இரண்டு பேரும் வகுப்புக்குள் நுழைந்தாலே யாராவது ஒருவன், “குடை நனைஞ்சிருக்கும், விரிச்சு வைங்கடா” என்பான்.

எழுத எழுத, ஈரத்துண்டும் அச்சு மையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறுகிறது. அந்த இரண்டு வருஷம் சிரித்த மாதிரி நான் அப்புறம் சிரித்ததில்லை. ஆனால் அது விஷயம் அல்ல. அந்த இடம் வேண்டாம் என்பதுதான் விஷயம்.

வாயால் சொன்னால் எடுபடாது என்று, அவள் பாஷையிலேயே சொல்லிவிடலாம் என முடிவு செய்தேன். படிக்கும் காலத்தில் போகும் சம்பளம், படித்த பிறகு ஏறும் சம்பளம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு, இந்தப் படிப்பின் இன்றைய மதிப்பு என்ன என்று பார்த்தேன். கழித்தல் குறி வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தாளை அச்சடித்து, மத்தியானம் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்தேன். அவள் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மேலிருந்து கீழே படித்தாள்.

“அப்பா, படிச்சு முடிச்ச பிறகு நான் எவ்வளவு வேகமா மேல போவேன்னு போட்டிருக்கீங்க பார்த்தீங்களா?”

“நியாயமாத்தான் போட்டிருக்கேன்.”

“தள்ளுபடி வீதத்தையே தாண்டிடுச்சுப்பா. அதான் கழித்தல் வந்திருக்கு.”

நம் பழைய பாடப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்து ஒரு மாதமாகப் படிக்கிறாளாம். அந்தச் சூத்திரம் உள்ள பக்கத்தின் ஓரத்தில் நீங்கள் வரைந்த குடைப் படமும் இருந்ததாம். இத்தனை வருஷம் கழித்து, இந்தத் தடவை நானே தட்டி, அதே தப்பு.

“என் மேல உங்களுக்கே இவ்வளவு நம்பிக்கை இருக்கு. அப்புறம் ஏம்ப்பா போகாதேங்கறீங்க?” என்றாள்.

“சாப்பாடு ஆறுது பாரு” என்றேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அவள் போய்விட்டால் மத்தியானத்தில் எதிர் நாற்காலி காலியாக இருக்கும். தட்டோடு நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். அதை எந்தக் கட்டத்தில், என்ன எண்ணாகப் போடுவது என்று தெரியாமல்தான் மற்றதையெல்லாம் போட்டேன். எது எப்படியோ, நீங்கள் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். காரணம் எதையாவது நீங்களே கண்டுபிடியுங்கள். கையைத் தூக்கிவிட்டு யோசிப்பது உங்களுக்குக் கைவந்த கலை.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு இரண்டிலும் பாதி.

இப்படிக்கு,
உங்கள் பழைய அறைக்காரனும் தங்கை புருஷனும்

பி.கு.: மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். உறைக்குப் பசை தேடி உள்ளே போனேன். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் உறுதி செய்யும் பொத்தான். “மாமா ஃபோன் பண்ற வரைக்கும் வெச்சிருக்கட்டுமாப்பா?” என்று கேட்டாள். கடிதம் எழுதுவது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், வீட்டில் உங்கள் தங்கை இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பொத்தானை நானே அழுத்திவிட்டேன். ஆகவே போகாதே என்று சொல்ல வேண்டாம். கூப்பிட்டால், வெந்நீர் முறையை யாருக்கும் விற்காதே என்று மட்டும் சொல்லுங்கள். இன்னொன்று. பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு எவனாவது காய்ச்சலில் கிடந்தால், சூப் எடுத்துக்கொண்டு பார்க்கப் போகாதே என்றும் சொல்லுங்கள். வேண்டாம், அதைச் சொல்லாதே. போய்ப் பார்க்கட்டும்.