ஓவனுக்குள் உருகிய தோட்டக்கலை மண்டபம்

யார்க், பென்சில்வேனியா
12 ஆகஸ்ட் 1987

அன்புள்ள மைத்துனன் ஹார்லனுக்கு,

லெஸ்டர் எழுதிக்கொண்டது. நான் நலம். உன் அக்கா வெர்னாவும் நலம் என்றே நினைக்கிறேன். நான்கு நாட்களாக என்னோடு பேசாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

1876 பிலடெல்பியா பொருட்காட்சிக்காக அடித்த பதக்கங்களை, கட்டடத்துக்கு ஒன்றாக நான் சேர்ப்பது உனக்குத் தெரியும். தோட்டக்கலை மண்டபம் பொறித்த பதக்கம் மட்டும் பதினொரு வருடமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. போன வாரம் பழைய சாமான் சந்தையில் கிடைத்தேவிட்டது, அதுவும் ரிப்பன் கோக்க ஓட்டை போடாதது! உன் அக்காவுக்குத் தெரியாமல் இனி எதுவும் வாங்க மாட்டேன் என்று ஈஸ்டரன்றுதான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால், ஆகஸ்ட் வெக்கையில் யார் ஓவனைப் பற்றவைக்கப் போகிறார்கள் என்று அதற்குள் ஒரு தட்டில் வைத்து மூடினேன், மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கூடை பீச் பழம் கொண்டுவந்து கொடுக்க, இவள் ஓவனைத் திறந்துகூடப் பார்க்காமல் சூடேற விட்டுவிட்டுப் பீச் பை என்கிற பழப் பணியாரத்துக்கு மாவு பிசைய ஆரம்பித்துவிட்டாள். பதக்கமோ ஈயக் கலவை, எத்தனை நேரம் தாங்கும்? உருகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது.

"லெஸ்டர், இங்க வா. தட்டுல இது என்னது?"

"தோட்டக்கலை மண்டபம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நீ வாங்குனதுக்கு நான் கோவிச்சுக்கல. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவகிட்ட, போலீஸ்கிட்ட மறைக்கிற மாதிரி மறைச்சியே, அதான் தாங்கல."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. பூங்கொத்து வாங்கி வந்தேன், தும்மினாள். தும்மினால் சொல்கிற வழக்கப்படி "கடவுள் காப்பாத்தட்டும்" என்றேன். நன்றிகூடச் சொல்லவில்லை, ஹார்லன்! இந்த வீட்டின் அமைதி என்னைக் கொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வந்து, நாற்பத்து மூன்று பதக்கத்தையும் நான் விற்றுவிடப் போகிறேன் என்று அவளிடம் சொல். எனக்கு அவள் பேசினால் போதும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் ஒரு குறையும் வைக்காமல் இருப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்
லெஸ்டர் கெப்ஹார்ட்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை அவளைச் சமாதானப்படுத்த வேண்டாம். மேசை மேல் இருந்த இந்தக் கடிதத்தை அவள் படித்துவிட்டாள். "எதையும் விக்கக் கூடாது" என்று அழுதுகொண்டே போய், வேக்குவம் கிளீனரின் தூசிப் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். அதே பதக்கம்! கல்யாண நாளுக்கு என்று மார்ச்சிலேயே வாங்கி ஒளித்திருக்கிறாள். "நீ தொடவே தொடாத இடம் வீட்டுல அது ஒண்ணுதான்" என்கிறாள். ஆகவே இப்போது பேசாமல் இருப்பது நான். நீ வந்து என்னைச் சமாதானப்படுத்து. சீக்கிரம் வா, அடுப்படியில் புதிதாகச் சுட்ட பீச் பை மணக்கிறது. சாப்பாட்டு நேரம் தாண்டி என் கோபம் நிற்குமா என்று தெரியவில்லை.