கல்மரத்துக்கு ஒரு நாள் அவகாசம்

களமருதூர்,
செவ்வாய்க்கிழமை

மதிப்புமிக்க சம்பந்தி சின்னதுரை அவர்களுக்கு, அரங்கநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜெயம்மாளும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் எங்கள் கமலாவும் சுகமென்று நம்புகிறேன். கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டு முடிந்திருக்கும். போனிலேயே பேசலாம்தான், தங்கள் குரலைக் கேட்டதும் "ஒண்ணுமில்லைங்க, சும்மாதான்" என்று வைத்துவிடுவேன். ஆகவே கடிதம்.

விஷயம் பெரிதல்ல. நான்கு வழிச்சாலைக்காகத் தங்கள் லாரிகள் எங்கள் ஊரில் கிராவல் அள்ளும் பள்ளத்தில், போன வாரம் ஒரு மரம் வெளிப்பட்டது. மரம் என்றால் கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து, அப்படியே கல்லாகிப் போன அடிமரம். பட்டையின் வரிகூடத் தெரிகிறது. வேலையில் இருந்த காலமெல்லாம் பூகோள வகுப்பில் கல்மரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். கண்ணால் பார்த்தது இப்போதுதான். வெறும் பாறையைத்தான் ஆசையில் மரமாகப் பார்க்கிறேனோ என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. பக்கத்து நிலத்துக் கொளஞ்சியம்மாளுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. விறகென்று நினைத்துக் கோடாலியோடு வந்து ஒரு போடு போட்டார். "இன்னா வாத்தியாரே, மரமாட்டம் படுத்துக்கினு கல்லாட்டம் கடிக்குது! என் கோடாலி வாயே போயிடுச்சி!"

மரம் மூன்று துண்டாகக் கிடந்தது. எது அடி, எது நுனி என்பது மாறிவிடக் கூடாதென்று சிவப்புப் பெயிண்டில் 1, 2, 3 என்று எழுதினேன். முறைப்படி செய்ததுதான் வினையாயிற்று. கல்லில் சிவப்பு நம்பர் என்றால் ரோட்டுக்கு நிலம் எடுக்கிறார்கள் என்று அர்த்தமாம். ஊருக்கே தெரிந்தது எனக்குத் தோன்றவில்லை. விடிந்ததும் வாசலில் கூட்டம், முன்னால் கொளஞ்சியம்மாள். "எங்களுக்குக் கீறதே அரைக் காணி. அதுக்கும் நம்பரு போட்டுட்டீங்களே வாத்தியாரே!" அது மரத்தின் வரிசை எண் என்று விளக்கினேன். "கல்லாப் போன மரம் எங்க ஓடிடப் போவுது, நம்பரு போட?" என்றார் ஒருவர். ஜெயம்மாள் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்து நீட்டினாள். போய் அழித்துவிட்டு வந்தேன். நம்பர் போனதும் அது வெறும் கல்லாகிவிட்டது. அன்று மாலையே நுனித் துண்டைத் தங்கள் லாரி கிரஷருக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. குறையாகச் சொல்லவில்லை. ஜல்லியாகி ரோட்டில் எங்கோ கிடக்கும். கமலாவைப் பார்க்க அந்த ரோட்டில்தான் வருவோம், அதன் மேலே போகிறோம் என்றுகூடத் தெரியாமல்.

மீதி இரண்டு துண்டுகளையும் நாளை புதன்கிழமை பொக்லைன் உடைக்கப்போகிறதாம். நிலவியல் அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மூலையை மட்டும் ஒரு நாள் விட்டுவைக்கச் சொல்ல முடியுமா? அரை நாள்கூடப் போதும். முடியாவிட்டாலும் பாதகமில்லை. பெண்ணைக் கொடுத்த இடம். தங்கள் வேலைக்குக் குறுக்கே நான் நிற்க மாட்டேன். வருகிறவர் வெறும் பாறை என்றே சொல்லிவிடலாம். அப்போது தாங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். மரமாக இருந்துவிட்டால்? அது நின்ற காலத்தில் இங்கே எப்படி மழை பெய்தது, என்ன முளைத்தது என்று கேட்க வேறு யாரும் இல்லை. உடைத்த பிறகு யாரைக் கேட்பது?

மாப்பிள்ளைக்கும் கமலாவுக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாளுக்கு வணக்கம். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

தங்கள்,
அரங்கநாதன்

பி.கு.: தபால் வியாழக்கிழமைதான் சேரும் என்று ஜெயம்மாள் சொன்ன பிறகே உறைத்தது. ஆகவே இதைப் புதன் காலை பள்ளத்திலிருந்து எழுதுகிறேன். குறுக்கே நிற்க மாட்டேன் என்றேன், நிற்கவில்லை. அடித்துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் கொளஞ்சியம்மாள். "என் கோடாலியக் கெடுத்தது மரமா கல்லான்னு தெரியாம நான் எழுந்திருக்க மாட்டேன்" என்கிறார். கடிதத்தைத் தங்கள் டிரைவர் செல்லமுத்து கொண்டுவருகிறார். லோடு ஏற்ற வழியில்லாமல் லாரி இங்கேயே நிற்பதால் பஸ்ஸில். அவரைக் கோபிக்க வேண்டாம், மோர் கொடுக்கவும். தாங்கள் போன் செய்தால் ஜெயம்மாள் எடுப்பாள். அவள் "சும்மாதான்" என்று வைத்துவிட மாட்டாள்.