கோழிக்குத் தகப்பன் பெயர்

"இந்தக் கோழிக்குத் தகப்பன் யாரு?"

விழிதியூர் பூவாயி நாற்பது வருஷமாகக் கோழி வளர்க்கிறாள். விலை கேட்டிருக்கிறார்கள், எடை கேட்டிருக்கிறார்கள், உரித்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"அது எப்படிங்க தெரியும்? தெருவுல நாலு சேவ திரியுது."

"நாலுல எது?"

"கோழியத்தாங்க கேக்கணும்."

ஆல்போன்ஸ் சிரிக்கவில்லை. நோட்டில் 'தகப்பன் பெயர்: தெரியவில்லை' என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் சமையல் பண்டகசாலையைக் காத்துவிட்டு, பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பிய மனிதர் அவர். அங்கே அவர் பார்க்காமல் ஒரு மூட்டை உருளைக்கிழங்குகூட உள்ளே போனதில்லை. இங்கே மூட்டைகள் இல்லை, மனைவி ழுலியேத்தின் சமையலறைதான் இருந்தது. அடுப்புத் தீயின் உயரம், ரசத்துக்குத் தக்காளி எத்தனை துண்டு, பால் பொங்க எத்தனை நிமிஷம் என்று எல்லாவற்றையும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றே கவனித்துக்கொண்டார். உதவி செய்வதாகத்தான் நினைப்பு.

அந்த ழுலியேத்துக்கு வயிற்றில் புண் வந்துவிட்டது. எந்த மருந்துக்கும் மசியவில்லை. புதுச்சேரியில் ஒரு பெண் டாக்டரிடம் போனார்கள். "வலி எங்கம்மா?" என்று டாக்டர் கேட்டதற்கு ஆல்போன்ஸ் பதில் சொன்னார். "எப்பல்லாம் வலிக்குது?" என்றதற்கும் ஆல்போன்ஸ்தான். "நாக்கை நீட்டுங்க" என்றபோது அவரும் நீட்டிவிட்டார். அதன் பிறகு டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொன்னார்.

கால் மணி நேரம் கழித்து ழுலியேத் வெளியே வந்தாள்.

"நாப்பது நாள் பத்தியங்க. நாட்டுக்கோழி ரசம், நாட்டுக்கோழி முட்டை, குழைஞ்ச சோறு. வேற எதுவும் கூடாது. கோழி சுத்தமா இருக்கணும். நீங்களே நேர்ல போயி, நின்னு நிதானமா பாத்து வாங்கணுமாம்."

"ஆறலைன்னா?"

"ஆபரேஷன்தானாம்."

முப்பத்தாறு வருஷம் கூடவே இருந்தவள். அவளைக் கத்திக்குக் கொடுப்பதை நினைக்கவே ஆல்போன்சால் முடியவில்லை.

முதல் நாள் கடைத்தெருவில் ஒரு டஜன் பழுப்பு முட்டை வாங்கினார். கழுவியபோது தண்ணீர் பழுப்பானது, முட்டைகள் வெளுத்தன. டீத்தூளில் ஊறிய முட்டைகள். மறுநாள் கருக்களாச்சேரிக்கு ஸ்கூட்டரை விட்டார். கடற்கரையில் ஓடி ஆடித் திரிந்த கோழி. அதன் முட்டையை ழுலியேத் முகர்ந்து பார்த்தாள்.

"கருவாட்டு வாடை அடிக்குதுங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயி பாருங்களேன்."

வரிச்சிக்குடிக்குப் போனார். நெல் பொறுக்கித் தின்னும் கோழி. அதற்கும் உதட்டைப் பிதுக்கினாள்.

"வயல்ல மருந்து அடிச்சிருப்பாங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி..."

அப்படித் தள்ளித் தள்ளித்தான் விழிதியூருக்கு வந்து சேர்ந்தார்.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் குடும்பப் பதிவேடு என்று ஒரு நோட்டு பைபிளுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அதில் ஏற வேண்டும். மனுஷனுக்கே அது இல்லாமல் ஒரு காரியம் நடக்காது என்றால், மனைவியின் உயிரைக் காப்பாற்றப்போகிற கோழிக்கு வேண்டாமா? பூவாயியின் பத்துக் கோழிகளுக்கும் ஆளுக்கொரு பக்கமாகப் பதிவேடு திறந்தார். தாய் பெயர், பிறந்த தேதி, தின்னும் இரை, நடத்தை.

"நடத்தையா?" என்றாள் பூவாயி.

"உனக்குப் புரியாது. வீட்டம்மாகிட்டயே கேளு" என்று போன் போட்டுக் கொடுத்தார்.

பூவாயி போனோடு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள். முதலில் "ஆங்... ஆங்..." என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பி வந்தபோது முகம் கறாராக இருந்தது.

"பத்தியக் கோழின்னா சும்மா இல்லீங்கய்யா. காலைலேர்ந்து அது என்ன திங்குதுன்னு கூடவே இருந்து பாக்கணும். பொழுது சாய்ஞ்சாதான் முட்டையக் கையால தொடலாம்."

அன்றிலிருந்து ஆல்போன்ஸ் காலை எட்டு மணிக்கே தொப்பி, குடை, விசிலோடு ஆஜர். மணிக்கு ஒரு தரம் விசில் ஊதி ஆஜர் எடுத்தார். மூன்றாவது நாள் ஏழாம் நம்பர் கோழி டீக்கடை வாசலில் பரோட்டாத் துண்டு தின்றது. அதன் முட்டையை ஒரு வாரத்துக்குத் தள்ளிவைத்தார். இரண்டாம் நம்பர் அடுத்த தெருவுக்கு ஓடியபோது வேலி தாண்டித் துரத்தி, வேட்டி கிழிந்து, சேற்றில் விழுந்தார். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

ஏனென்றால் ழுலியேத் தேறிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை பிடித்தது. சாயங்காலம் அவர் சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்தால், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"வலி?"

"எங்கன்னு தேட வேண்டியிருக்கு."

ஆல்போன்சுக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்ட கோழிகளைத் தூரத்தில் விட்டுவைப்பதா? முப்பதாம் நாள், பூவாயி எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், பத்தையும் விலை பேசி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சமையலறைக்குப் பின்னால் இறக்கினார்.

"இனிமே நான் எங்கயும் போக வேண்டாம் பாரு. இங்கேருந்தே கோழியவும் பாத்துக்குவேன், உன்னையும் பாத்துக்குவேன்!"

ழுலியேத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே எரிச்சல். மறுநாள் வலி. ஆல்போன்ஸ் கோழிகளை மணிக்கு இரண்டு தரம் ஆஜர் எடுத்தார். இடையில் ரசத்துக்குச் சீரகம் எண்ணிப் போட்டார், முட்டை வேகும்போது பக்கத்தில் நின்று விநாடி சொன்னார். மூன்றாம் நாள் அவள் சாப்பிடவேயில்லை.

நான்காம் நாள் காலையில் பத்துக் கோழியோடும் பதிவேட்டோடும் ஆல்போன்ஸ் பூவாயி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டாக்டர்கிட்ட போக இன்னும் ஆறே நாள்தான் இருக்கு, பூவாயி. மறுபடி வலி வந்துடுச்சு. அவளை ஆபரேஷனுக்கு அனுப்ப என்னால ஆகாது. மறைக்காம சொல்லு. இந்தப் பத்துல எது அவளுக்கு ஒத்துக்கல?"

பூவாயி கோழிகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவளுக்கே பாவமாக இருந்தது.

"சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்கு. இருந்தாலும் சொல்றேங்க. கோழி என்னத்த வேணாலும் திங்கலாமாம். அம்மாவுக்கு ஆகாதுன்னு டாக்டரு சொன்னது உங்களத்தாங்கய்யா."