ஹெலனுக்குச் சொன்ன வேண்டாம்

எங்கள் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும், ஒன்றைத் தருகிறோம் என்று சொன்னதும் உடனே "ஓம்" என்று சொல்ல வாய் வராது. தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்போம். வெயிலில் நடந்து வந்து நாக்கு வறண்டு கிடந்தாலும் வேண்டாம்தான். கேட்டவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டுவார். "கொஞ்சமாக் குடியுங்கோவன்" என்று திரும்பவும் கேட்பார். அவருடைய மனம் நோகக்கூடாதே என்பதற்காக மட்டும் குடிப்பவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு கோப்பை குடிப்போம். இந்த விளையாட்டின் விதிகள் இரண்டு பக்கத்துக்கும் தெரியும். ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை நான் மெல்பர்னில், ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் வைத்துக் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் இரண்டாம் வருட மாணவி. மெல்பர்னின் புறநகரான கிரெய்கிபர்னில் ராணி அன்ரி வீட்டில் தங்கியிருந்தேன். அன்ரி என் அம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. முதியோர் இல்லமொன்றில் வேலை. எங்கள் ஊரான சுன்னாகத்தில் அப்பாவின் சீமெந்துக் கடைக்கு எதிரில் பெரிய கடையொன்று வந்து, வியாபாரம் படுத்துவிட்டது. ஒருநாள் தொலைபேசியில் அப்பா இங்கத்தைக் குளிர், என் சாப்பாடு, அன்ரியின் சுகம் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "இந்த செமஸ்டரோட வந்திடுறியே பிள்ளை?" என்றார். சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டார். அடுத்த தவணைக் கட்டணம் அவரால் முடியாது என்பது எனக்கு விளங்கிவிட்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை.

கஷ்டத்தில் இருக்கும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் உதவி நிதி இருந்தது. வளாகத்துக்குள்ளேயே வேலையும் கொடுத்தார்கள். இரண்டுக்கும் விண்ணப்பித்தேன். சில வாரங்களில், நேரில் வந்து பேசும்படி மின்னஞ்சல் வந்தது. அன்ரி தன் கறுப்புக் கோட்டைத் தந்தார். (அதன் தோளுக்குள் என்னைப்போல இரண்டு பேர் இருக்கலாம்.) வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காரில் கொண்டுபோய் இறக்கியும் விட்டார்.

அலுவலகத்தில் இருந்தவரின் பெயர் ஹெலன். அம்மாவின் வயதிருக்கும். இதமான குரல். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "நோ வொரீஸ்" என்றார். பிஸ்கட் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். சொக்கிலேற் பூசிய பிஸ்கட். காலையில் பதற்றத்தில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தேன். வேண்டாம் என்றேன். "நோ வொரீஸ்" என்று சொல்லி டப்பாவை மூடி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். அந்த லாச்சி மூடிய சத்தத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாவம், மனுசி உபசரிக்கப் பழகவில்லை என்று அவருக்காக இரக்கப்பட்டேன்.

பிறகு அவர் விசயத்துக்கு வந்தார். என் விண்ணப்பத்தைக் குழு பார்த்துவிட்டது, அடுத்த தவணைக் கட்டணத்தின் பெரும் பகுதியை நிதியிலிருந்தே கட்டலாம், எனக்குச் சம்மதமா என்று கேட்டார். என் நெஞ்சு துள்ளியது. அப்பாவிடம் என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன். ஆனால் வாய் தன் பாட்டுக்குப் பேசியது. "பரவாயில்லை, எனக்காகக் கஷ்டப்படாதீர்கள். என்னைவிடத் தேவையான பிள்ளைகள் இருப்பார்கள்" என்றேன். ஹெலன் என்னையே பார்த்தார். நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலையும் இருக்கிறது, அதையாவது எடுக்கலாமே என்றார். அது திரும்பக் கேட்டதில் சேராது, அது வேறு பொருள். எனவே அதற்கும் ஒரு வேண்டாம் சொல்லியாக வேண்டும். சொன்னேன்.

ஹெலன் கையை நெஞ்சில் வைத்தார். இத்தனை வருட வேலையில் இப்படியொரு பெருந்தன்மையைத் தான் கண்டதில்லை என்றார். கணினியில் ஏதோ தட்டினார். நான் புன்னகையோடு உட்கார்ந்திருந்தேன், இனித்தானே அவர் வற்புறுத்த வேண்டும். அவர் எழுந்தார். நான் எழும்பவில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றார். இல்லை என்றேன். கை குலுக்கினார். வெளியே வந்து கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். எங்கள் ஊரில் வாசல் படலையடியில் வைத்தாவது திரும்பக் கூப்பிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஹெலன் கைப்பையோடு வந்து, அன்பாகச் சிரித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

காரில் அன்ரி ஆவலோடு காத்திருந்தார்.

"என்னவாம் பிள்ளை?"

"வேண்டாம் எண்டாச்சு அன்ரி."

"ஆர் வேண்டாம் எண்டது?"

"நான்தான்."

அன்ரி கிளப்பிய காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "உனக்கென்ன விசரே?"

"உடன ஓம் எண்டு சொன்னா வடிவில்லைத்தானே. அவ திருப்பிக் கேப்பா எண்டு நினைச்சனான்."

"இஞ்ச ஆர் உனக்குத் திருப்பிக் கேக்கிறது? இந்த ஊரில வேண்டாம் எண்டா வேண்டாம்தான்."

வீடு வரும்வரை அந்தப் பாடம் நடந்தது. அப்போதுதான் எனக்கு விசயம் உறைத்தது. என் படிப்பை நானே மரியாதையாக வழியனுப்பி வைத்திருந்தேன். அப்பாவால் முடியாமல் போனது ஒரு பக்கம். கிடைத்ததையும் நான் தட்டிவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

தனியாக விட்டால் இவள் திரும்பவும் வேண்டாம் சொல்லிவிடுவாள் என்று, மறுநாள் அன்ரி என்னோடு உள்ளே வந்தார். போகும் வழியெல்லாம் கேட்டதும் ஓம் சொல், கேட்டதும் ஓம் சொல் என்று ஓதிக்கொண்டே வந்தார். ஹெலன் எங்களை இருத்திவிட்டு அன்ரியிடம், தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அன்ரி, "நோ நோ, தாங்க் யூ" என்றார். "நோ வொரீஸ்" என்று ஹெலன் எடுத்த கோப்பையைத் திருப்பி வைத்தார். அன்ரியின் முகம் வாடிப்போனது. இருபது வருட மெல்பர்ன்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே, கண்ணில் நீரும் வர, ஹெலனிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். நாங்கள் முதலில் சொல்வது மரியாதைக்கான வேண்டாம், நீங்கள் இன்னொரு தடவை கேட்க வேண்டும், நேற்று நான் கதவடியில் நின்றது அதற்குத்தான் என்றேன்.

ஹெலன் திருப்பி வைத்த கோப்பையை மறுபடியும் எடுத்தார். பிறகு அன்ரியிடம் திரும்பி, அப்படியென்றால் தேநீர் வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"கொஞ்சமாக் குடிக்கலாம்" என்று அன்ரி தமிழிலேயே சொன்னார். ஹெலனுக்கு விளங்கியது.

நிதிக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பவும் குழுவுக்கு அனுப்பலாம் என்றார். நூலக வேலைதான் முதல் நாள் பின்னேரமே வேறொருவருக்குப் போய்விட்டது. மிஞ்சியிருந்தது தொலைபேசி வேலை. பழைய மாணவர்களை அழைத்து, இதே உதவி நிதிக்கு நன்கொடை கேட்க வேண்டும். விருப்பமா என்றார். நான் "நோ" என்று வாயைத் திறக்க, அன்ரி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். "யெஸ்" என்றேன்.

அந்த வேலையில் நான் வெளுத்து வாங்கினேன். அதற்குத் திறமை காரணமில்லை. மறுமுனையில் யாராவது வேண்டாம் என்றால் நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது முடியவில்லை. முதல் வேண்டாமோடு வைத்துவிட்டால், ஏதோ கடமைக்குக் கேட்டதுபோல ஆகிவிடாதா? எனவே அவர்களுடைய சுகம் விசாரித்தேன், பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன், பிறகு திரும்பவும் நன்கொடைக்கு வந்தேன். பாதிப் பேர் தந்தார்கள். மேற்பார்வையாளர் மற்றவர்களைக் கூப்பிட்டு என் பேச்சைக் கவனிக்கச் சொன்னார். பிறகு, தான் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிக் களைத்தே காசு கொடுத்ததாக ஒருவர் முறையிட, இனி ஒரே ஒரு தடவைதான் திருப்பிக் கேட்கலாம் என்று எனக்கு மட்டும் தனிச் சட்டம் வந்தது. நிதியும் கிடைத்தது. அப்பாவிடம், வரவில்லை, படிக்கிறேன் என்று சொன்னபோது அவர் உடனே அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார். அவர் அழுததாகப் பிறகு அம்மா சொன்னார்.

இந்தக் கதையை அன்ரி எந்தக் கொண்டாட்டத்திலும் விட்டுவைத்ததில்லை. (தன் தேத்தண்ணிப் பகுதியை மட்டும் வெட்டிவிடுவார். அதை நான் சொல்வேன்.) அதனால் எங்கள் குடும்பத்தில் வேண்டாம் இரண்டு வகை. "சும்மா வேண்டாம்" என்றால் திருப்பிக் கேட்க வேண்டும். "ஹெலன் வேண்டாம்" என்றால் உண்மையாகவே வேண்டாம், ஆளை விட்டுவிட வேண்டும். இப்போது என் மகள், எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் வடைத் தட்டை நீட்டி, இது எந்த வேண்டாம் என்று ஆங்கிலத்தில் விசாரிப்பாள். சுன்னாகம்வரை போய்விட்ட பகிடி இது.

போன மாதம் அப்பாவோடு பேசினேன். அவருக்குக் கண்ணில் வெண்படலம். ஒப்பரேசனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார். காசு அனுப்புகிறேன், நல்ல இடத்தில் செய்யுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். திருப்பிக் கேட்டேன்.

"இது ஹெலன் வேண்டாம் பிள்ளை" என்றார். பக்கத்தில் அம்மா சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன். விதிப்படி நான் அத்தோடு விட்டிருக்க வேண்டும். எனக்கு மனம் கேட்கவில்லை.

"அப்பா, அனுப்பட்டே?" என்றேன்.



"உனக்குக் கஷ்டமில்லாட்டி அனுப்பு" என்றார்.