பைய அண்ணாச்சியும் வானத்துக் கயிறும்

விஞ்ஞானத்தை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர்கள் உலகத்தில் பலர் இருக்கலாம். கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டவர் எங்கள் பைய அண்ணாச்சி ஒருவர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷனில் கயிற்றுக்கடை வைத்திருந்தார். கிணற்றுக்கயிறு, மாட்டுக்கயிறு, தொட்டில் கயிறு எல்லாம் அங்கே கிடைக்கும். கூடவே, கேட்காமலே, அன்றைய பேப்பரில் வந்த விஞ்ஞானச் செய்திக்கு ஒரு விமர்சனமும் கிடைக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் கடைப் பலகையில் எழுதியிருந்தது. நான் உட்பட ஒருவரும் அதைப் படித்ததில்லை. எந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் 'பைய' என்று சொல்லித்தான் முடிப்பார், அதுவே பெயராகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பைய என்றால் மெதுவாக என்று அர்த்தம். வடக்கே இருப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

செவ்வாயில் ஒரு காலத்தில் தண்ணீர் இருந்த அடையாளம் தெரிகிறது என்று செய்தி வந்த அன்று அவர் சொன்னது: "நம்ம தெருக்குழாயிலயும் ஒரு காலத்துல தண்ணி இருந்த அடையாளம் தெரியுது வே. அங்கன முடிச்சிட்டு இங்கன வரச் சொல்லும். பைய வரட்டும்."

ஒரு ஆட்டைப் போலவே இன்னொரு ஆட்டைச் செய்துவிட்டார்கள் என்றபோது, "மேலப்பாளையம் சந்தைக்கு வந்து பாக்கச் சொல்லும். நூறு ஆடும் ஒண்ணு போலத்தான் நிக்கி. இதுக்கு எதுக்குய்யா லேபரட்டரி?" என்றார். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்ற பயமுறுத்தலுக்கு, "நமக்கு சாயங்காலம் ஆறு மணிக்கே கரண்ட்டு போயி எல்லாம் நின்னுருது. நாம முன்னாலயே போயிட்டோம், அவன் பைய வாரான்" என்று பதில் சொன்னார்.

முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஏழாவது தடவை கேட்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். எதிரே இருந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த நான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போக வேறு இடம் இல்லாததால் மட்டும் எழுந்து போகாமல் இருந்தேன். டீக்கடையில் அண்ணாச்சி பேப்பரை விரித்தால், பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர் வீட்டிலோ, சாப்பாடு முடிகிறவரை விஞ்ஞானம் பேசக்கூடாது என்று அவர் மனைவி சட்டமே போட்டிருந்தார். அதனால் அண்ணாச்சி பைய சாப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார்.

இந்த நிலைமையில்தான் கடையின் மாடிக்குச் சாகுல் குடி வந்தார். காயல்பட்டினத்துக்காரர், முப்பது வயது இருக்கும். துபாயில் இருந்த அண்ணன் கொடுத்த தைரியத்தில் நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிரௌசிங் சென்டர் திறந்தார். கட்டடத்துக்காரர் என்ற உரிமையில் அண்ணாச்சி மேலே போய், "இதுல என்னதான் தெரியுதுன்னு பாப்போம்" என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வெளிநாட்டுத் தமிழர்கள் விஞ்ஞானச் செய்திகளைப் போட்டு விவாதிக்கும் ஒரு இணையப் பலகையைச் சாகுல் காட்டிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு செய்தியின் அடியிலும் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். அண்ணாச்சியின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். அவருக்கென்றே யாரோ உட்கார்ந்து செய்து வைத்த இடம் மாதிரி இருந்தது.

அப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து லேசில் வராது. தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். அண்ணாச்சி வலது கை ஆட்காட்டி விரல் ஒன்றால் தட்டினார். அதுவும் எல்லாம் பெரிய எழுத்தில். பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாக அர்த்தம் என்று சாகுல் சொல்லிப் பார்த்தார்.

"கட்டையில பெரிய எழுத்துதானப்பா போட்டிருக்கான்? இல்லாத எழுத்துக்கு நான் எங்க போவேன்?" என்றார் அண்ணாச்சி.

பால் தீர்ந்ததும் தானாகவே கடைக்குச் சொல்லிவிடும் ஃபிரிட்ஜ் வரப்போகிறது என்று ஒருவர் போட்டிருந்தார். அதன் அடியில், 'எருமை மறுத்துப் போச்சு, ரெண்டு மாசத்துக்குப் பாலு கிடையாதுன்னு பால்காரன் சொன்னா அந்தப் பெட்டி என்ன பதில் சொல்லும்?' என்று அண்ணாச்சி கேட்டார். எங்கெங்கோ இருந்து நாலு பேர் சிரித்து எழுதினார்கள். அந்த நாலு பதிலையும் அச்செடுத்துக் கல்லாவுக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகுதான் அந்தக் கயிறு வந்தது.

பூமியிலிருந்து வானத்துக்கு ஒரு நீளமான கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் போல மேலே போகலாம் என்று விஞ்ஞானிகள் யோசிக்கிறார்கள். இந்தச் செய்தியை அமெரிக்காவில் இருந்த ஒரு பேராசிரியர் மிகுந்த உற்சாகத்துடன் பலகையில் போட்டிருந்தார். மற்ற செய்திகளுக்கு அண்ணாச்சி வெறும் விமர்சகர். கயிறு என்று வந்தால் அவர் நிபுணர் அல்லவா? அரைமணி நேரம் தட்டினார். 'கயிறு நம்ம கடையில் கிடைக்கும், எத்தனை முழம் என்று சொல்லும். ஆனால் ஏறும்போது பார்த்து ஏறும், பைய.'

மறுநாள் பலகை பற்றி எரிந்தது. பேராசிரியர் சுத்தமான ஆங்கிலத்தில் கோபப்பட்டிருந்தார். பேரன் எடுத்த தன்னை இப்படியெல்லாம் அழைப்பதா என்று கேட்டிருந்தார். இன்னும் ஆறேழு பேர் பழைய கருத்துகளையும் தோண்டி எடுத்து, இந்த ஆள் எல்லாரையும் இப்படித்தான் கேவலப்படுத்துகிறார் என்று சேர்ந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவதாகப் பலகையின் நிர்வாகி எழுதியிருந்தார்.

"ஒரு வரி எழுதிருங்க அண்ணாச்சி. மன்னிப்புன்னு போட்டா முடிஞ்சுது" என்றார் சாகுல்.

"என்ன தப்புக்கு? பைய ஏறும்னு சொன்னது தப்பா? கயித்துல விறுவிறுன்னு ஏறினா உள்ளங்கை உரிஞ்சி போகும்லா?" என்றார் அண்ணாச்சி. பிறகு என்னிடம் பைய சொன்னார்: "கீழ இருவது வருசமா பேசுதேன் வே. ஒருத்தனும் நின்னு பதில் சொன்னதில்ல. அங்கன ஏசவாவது செய்யுதான். அதுவும் போயிரும் போலிருக்கே."

எனக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை அலுவலகம் முடிந்ததும் மாடிக்குப் போய் அவர் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கடைசி வார்த்தை பி, ஏ, ஐ, ஒய், ஏ. ஐந்தும் பெரிய எழுத்து. சட்டென்று ஒரு மெட்ராஸ் பஸ் ஞாபகத்துக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்காகப் போயிருந்தபோது, படியில் இடித்துத் தள்ளிய கண்டக்டரிடம் "பைய, பைய" என்றேன். "யாரைப் பையாங்கிற?" என்று அவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க 'பைய'ன்னு எழுதியிருக்கீங்க. அவங்க 'பையா'ன்னு படிச்சிருக்காங்க. பொடிப்பயல கூப்பிடுத மாதிரி" என்றேன்.

சாகுல் நாற்காலியோடு சாய்ந்து சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அப்பம் இத்தன நாளா எல்லாரையும் பையா பையான்னு கத்திக்கிட்டா இருந்திருக்கேன்?" என்று கேட்டார். அவர் முகம் வாடியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாகுல் எங்களுக்காகவே கதவைத் திறந்தார். அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் தட்டுவது என்று ஏற்பாடு. மூன்று தடவை லைன் அறுந்தது. நாலாவது தடவை மோடம் கீச்சிட்டுக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "வெரசா வே, வெரசா. நேரம் போகுது."

நானும் சாகுலும் திரும்பிப் பார்த்தோம். பைய அண்ணாச்சிதான் சொன்னார். அந்த வாயிலிருந்து 'வெரசா' வந்ததற்கு நாங்கள் இரண்டு பேர்தான் சாட்சி.

அவர் சொல்லி நான் தட்டியது இதுதான்: "எங்க ஊர்ல 'பைய'ன்னா மெதுவா, பதனமா. ஆத்துப் படியில எறங்குத ஆளுக்குச் சொல்லுவோம். புள்ளத்தாச்சிப் பொண்ணுக்குச் சொல்லுவோம். ஊருக்குப் போறவங்ககிட்ட, பைய போயிட்டு வாங்கன்னு சொல்லுவோம். வேண்டாதவனுக்குச் சொல்ல மாட்டோம். அவன் எப்படிப் போனா எனக்கென்ன? பேராசிரியரே, உம்ம கயிறு வானத்துக்கு எட்டணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா பைய ஏறும்."

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டை மறந்து மூன்று பேரும் மாடியில் இருந்தோம். முதல் பதில் கனடாவிலிருந்து ஒரு பெண் எழுதியது. அதற்கு முன் அந்தப் பலகையில் அவர் ஒரு வரிகூட எழுதியதில்லையாம். 'எனக்கும் உங்கள் பக்கம்தான், முக்கூடல். இங்கே வந்து பதினெட்டு வருஷம். பனி விழுந்த படியில் இறங்கும்போது தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், பைய என்று. சொல்ல இங்கே வேறு ஆள் கிடையாது. அண்ணாச்சி, நீங்கள் நிறுத்த வேண்டாம்.'

அதற்கு அடியில் பேராசிரியர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'சரி, பைய ஏறுகிறேன்.'

அண்ணாச்சி தோள் துண்டை எடுத்துக் கம்ப்யூட்டர் திரையை நன்றாகத் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை. பிறகு, "எத்தன முழம்னு அந்த மனுசன் இன்னும் சொல்லலியே வே" என்றார்.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. ரயிலடிக்கு வந்து அவர் சொன்னதும் அதே 'பைய'தான். நானும் தலையாட்டிவிட்டு ஏறிவிட்டேன். பிறகு இரண்டு கடிதம், ஒரு பொங்கல் வாழ்த்து, அதோடு சரி. போன வாரம் கைபேசியில், மனிதனைவிட வேகமாகச் சிந்திக்கும் ஏதோ ஒரு இயந்திரத்தைப் பற்றிய செய்தி. அடியில் நூற்றுக்கணக்கான கருத்துகள். நடுவில் முகம் தெரியாத யாரோ ஒருவர் ஒரே வார்த்தை எழுதியிருந்தார். பி, ஏ, ஐ, ஒய், ஏ. ஐந்தும் பெரிய எழுத்து.

இன்று இருந்தால் அண்ணாச்சிக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருக்கும், அவராக இருக்க வழியில்லை. இருந்தாலும் அதன் அடியில் 'சரி அண்ணாச்சி' என்று எழுதினேன். அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதில் மட்டும் நான் ரொம்பப் பைய இருந்துவிட்டேன்.