நடுப்பெயர்ப் பொருத்தக்காரி

பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் வரலாம், பால் கட்டிக்கொள்ளலாம், அவையெல்லாம் மருந்துக்கு அடங்கிவிடும். எந்த மருந்துக்கும் அடங்காமல், முன்கதவைச் சாத்தினால் பின்கதவு வழியாக வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் பிறவி ஒன்று உண்டு. அதுதான் நடுப்பெயர்ப் பொருத்தக்காரி, பிள்ளையின் முதல் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் இடையில் வைக்கும் பெயரைப் பொருத்திக் கொடுப்பவள். கென்டக்கி மலைக்குள் எங்கள் பள்ளத்தாக்கில் மட்டும் நான்கு பேரை நான் அறிவேன். உங்கள் பக்கத்தில் இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும், கேளுங்கள்.

ஆண் பிள்ளை பிறந்த வீட்டுக்கு இவள் வருவதில்லை. அவனுக்குத் தாத்தா பெயரை நடுவில் செருகிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பெண் என்று காதில் விழவேண்டும், அவ்வளவுதான், ஒரு தட்டு சோளரொட்டியைத் துணிபோட்டு மூடிக்கொண்டு மலையேறி வந்துவிடுவாள். வந்தவள் பிள்ளைக்கு மூக்கு யார் சாயல் என்று பார்ப்பாளா? பெற்றவள் சாப்பிட்டாளா என்று கேட்பாளா? "முதல் பேரு என்ன வச்சிருக்கீங்க?" என்பாள். சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு, அசைக்கு ஒரு தட்டாக முழங்காலில் விரலால் தட்டுவாள். பெயரை எடை போடுகிறாளாம்.

அடுத்தது கூப்பிட்டுப் பார்க்கும் சடங்கு. பின்கதவைத் திறந்து, எதிர்மலையைப் பார்த்து, புதிதாகப் பொருத்திய பெயரை அடிவயிற்றிலிருந்து கத்துவாள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லை; ஊர் நாய்கள்தான் ஓடி வரும். பிறகு பாதிரியார் குரலில் ஒரு தடவை சொல்லி அந்தப் பெயருக்குக் கல்யாணம் செய்துவைப்பாள். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, கல்லறைக் கல்லில் அது எப்படி இருக்கும் என்று படித்துக் காட்டுவாள். பிறந்து நான்கு நாள் ஆன குழந்தையைக் கட்டிக்கொடுத்து, புதைத்து, கல்லும் நட்டுவிட்டு, "ஊஹூம், இடிக்குது" என்று உதட்டைப் பிதுக்குவாள்.

இப்படி நாற்பது பெயரைத் தள்ளிவிட்டுக் கடைசியில் அவள் கண்டுபிடித்துக் கொடுப்பது என்ன? ஆன். எல்லோருக்கும் ஆன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் யாராவது ஆன் என்று தும்மினால்கூடப் பதினேழு பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இதற்கா இவ்வளவு தட்டல்?

ஓலீட்டா ஸ்டாம்பர் இந்தச் சாதியில் தலைப்பிள்ளை. பக்கத்து வீட்டு ஜெனீவா மே மாதம் பெண் பெற்றபோது நான் அங்கே பிள்ளையின் துணி அலசிக்கொண்டிருந்தேன். பமீலா என்று முதல் பெயரைப் பிள்ளையின் தகப்பன் வைத்துவிட்டான். நடுவில் தன் அம்மா பெயரைப் போடவேண்டும் என்பது ஜெனீவாவின் ஆசை. அம்மா பிப்ரவரியில்தான் போய்ச் சேர்ந்திருந்தாள். அவள் பெயர் பர்மீலியா. பிறப்புப் பத்திரம் எழுதச் சுகாதார நர்ஸ் அன்றைக்கு வருவதாக இருந்தது. மை பட்டுவிட்டால் பட்டதுதான். நர்ஸுக்கு முன்னால் ஓலீட்டா வந்து சேர்ந்தாள்.

"பமீலா பர்மீலியாவா? ஏண்டி கண்ணு, பானை மூடி படியில உருண்ட மாதிரி இருக்கே."

"அம்மா பேரு அத்தே."

"உங்கம்மாவை நான் குத்தம் சொல்லலை. அவளும் நானும் எத்தனை கூடை பீன்ஸ் உரிச்சிருக்கோம். பேரைத்தான் சொல்றேன். முதல் பேரு மூணு தட்டு. நடுவுல ஒரே தட்டு வந்தாத்தான் நிக்கும். இது நாலு தட்டுடி."

"நல்லா எண்ணு ஓலீட்டா, அஞ்சா இருக்கப்போவுது" என்றேன் நான்.

"நீ துணியை அலசு. நான் ஒண்ணும் சொல்லலை, என் காதுதான் சொல்லுது."

அந்தக் காதை அறுத்து வேலியில் தொங்கவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஜெனீவாவுக்கோ கண் கலங்கிவிட்டது. இளம் பெண், உடம்பில் தெம்பு இல்லை, எதிரே ஊர் முழுக்க மதிக்கும் காது. இன்னும் இரண்டு தட்டுத் தட்டினால் சரி என்று சொல்லியிருப்பாள். அந்த நேரம் நர்ஸ் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பேனாவைத் திறந்து, "நடுப்பேரு?" என்றாள்.

"ஆன்" என்றாள் ஓலீட்டா.

"பெத்தவ சொல்லட்டும்" என்றாள் நர்ஸ்.

ஓலீட்டா ஜெனீவா பக்கம் குனிந்து, குரலில் தேன் தடவிக்கொண்டு சொன்னாள்: "இதுக்குப் போயி மனசைப் போட்டுக் குழப்பிக்கிறியே. நடுப்பேரை யாருடி கூப்பிடப் போறா? பிள்ளை ஏதாவது ஒடச்சா, திட்டுறப்பத்தான் முழுப் பேரும் வாயில வரும்."

பாருங்கள், நாற்பது பெயரைத் தள்ளியவள் சொல்கிற பேச்சை. யாரும் கூப்பிடாத பெயருக்கா இத்தனை நாள் மலையைப் பார்த்துக் கத்தினாள்?

ஜெனீவா எழுந்து உட்கார்ந்தாள். "அதான் எனக்கு வேணும் அத்தே. பிப்ரவரியிலேர்ந்து இந்த வீட்டுல அந்தப் பேரை யாரும் சொல்றதில்லை. நான் பேச்சை எடுத்தா எல்லாரும் அடுப்பைப் பாக்குறாங்க. இவளைத் திட்டுற சாக்குலயாவது வாய்விட்டுச் சொல்லிக்குவேன்." பிறகு நர்ஸைப் பார்த்து, "எழுதுங்கம்மா, பர்மீலியா" என்றாள்.

நர்ஸ் எழுதினாள். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டேன்.

ஓலீட்டாவுக்கு உறைத்ததா? அவளுக்கா? வாசற்படியில் நின்று இன்னொரு தடவை விரலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சரி, போனது போவுது. ஒரே தட்டுல முடியிற குடும்பப்பேரு உள்ள மாப்பிள்ளையா இப்பவே பாத்து வைங்க, சமாளிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பமீலா பரம சாதுவாக வளர்ந்து தொலைத்தாள். ஒரு கிண்ணத்தைக்கூட உடைக்கவில்லை, திட்டுவதற்கு வழியே இல்லை. அதனால் ஜெனீவா சும்மாவே வாசலில் நின்றுகொண்டு, "பமீலா பர்மீலியா" என்று பள்ளத்தாக்கு அதிரக் கூப்பிடுவாள். பிள்ளை ஓடிவந்து, "நான் என்னம்மா பண்ணினேன்?" என்று மிரண்டு நிற்கும். "ஒண்ணுமில்ல, போய் விளையாடு" என்பாள்.

கேட்டு முடித்த நீங்கள் அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தீர்கள், இல்லையா? அதில் தப்பில்லை, யாரும் பார்ப்பார்கள். ஆனால் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது, ரூத் என்று வைத்திருந்தால் எடுப்பாக இருந்திருக்கும் என்றும் தோன்றியிருந்தால், தயவுசெய்து எந்தப் பிரசவ வீட்டுக்கும் பத்திரம் எழுதி முடிக்கும்வரை போகாதீர்கள்.