மாமாவின் ஜீப்புக்கு ரப்பர் மெத்தை

புதிதாகப் படித்துவிட்டு வந்தவன் கையில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஸ்க்ரூ டிரைவரை மட்டும் கொடுக்கக் கூடாது. தென்காசியில் என் மாமா கொடுத்தார். (நான் படித்ததும் மின்சாரம்தான். ஆனால் வீட்டு வயரிங்.)

மாமாவுக்குக் குற்றாலத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு தோப்பு. கல்லும் பள்ளமுமான பாதை, இருட்டினால் யானை வரும். அதனால் தம் பழைய மிலிட்டரி ஜீப்பில் கூடுதலாக இரண்டு விளக்கு மாட்டினார். டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகும் கரண்டை அளந்துவிடும் ரெகுலேட்டர் டப்பா அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. பெரிய டப்பாவாக வாங்கி வந்தார். நான் மாட்டுகிறேன் என்று முந்திக்கொண்டேன். மாமா மகள் செண்பகத்தை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அப்போது சாரல் காலம். ஊரில் வீடுகளுக்குக் கரண்டு வந்த புதிது. ஈரக்கையோடு இருந்தால் பலகைமேல் ஏறி நின்றுதான் சுவிட்சைத் தொடுவோம். அந்த ஞானத்தோடு பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி, டப்பாவுக்கும் ஜீப்பின் இரும்புக்கும் நடுவே மெத்தை போட்டேன். திருகாணிகளுக்கும் ரப்பர் வளையம் மாட்டினேன். வருங்கால மாமனாருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாதே!

மறுநாள் பட்டப்பகலில் நான்கு விளக்கையும் எரியவிட்டு ரதவீதியைச் சுற்றி வந்தேன். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் அவர் ஓட்ட, அத்தை, செண்பகம், நான் எல்லோரும் தோப்புக்குப் போனோம்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. விளக்குகள் மஞ்சளாயின, சிவந்தன, அணைந்தன. எஞ்சினும் நின்றது. பக்கத்தில் எங்கோ மூங்கில் ஒடிந்தது.

மாமா பானெட்டைத் தூக்கித் தீக்குச்சி கிழித்தார்.

"ஏலே, டப்பாவுக்கு அடியில என்னத்தலே வச்சிருக்க?"

"ரப்பர், மாமா. உங்களுக்கு ஷாக் அடிச்சிரக் கூடாதுன்னு..."

"இப்ப அடிச்சிட்டுல்லா."

ஜீப்பில் இரும்பு உடம்பே ஒரு வயர். டப்பா அதைத் தொட்டால்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். இது எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. டியூபைப் பிடுங்கி எறிந்தேன். ஆனால் செத்த பேட்டரியை என்ன செய்ய? மாமா ஸ்டியரிங்கைப் பிடிக்க, சாரலில் நனைந்தபடி நாங்கள் மூவரும் தள்ளினோம். செண்பகத்தின் தோள் என் தோளில் இடித்தது. வேறொரு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அன்று எனக்கு அழுகைதான் வந்தது. மாமா அதன்பின் யோசிப்பதை நிறுத்திவிட்டார் என்று தெரிந்துபோயிற்று.

செண்பகத்தை வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கு மிஞ்சியது 'ரப்பர் அத்தான்' என்ற பட்டம்தான். மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டங்கள் இருப்பதால், விசேஷ வீடுகளில் புதிதாக வரும் சம்பந்திகள் என்னை மரியாதையாக உட்காரவைத்து, தோட்டம் எவ்வளவு இருக்கும் என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் செண்பகம் எங்கிருந்தாவது வந்துவிடுவாள்.

"ஒரு சாண் இருக்கும்."